தண்ணி கொட்டுற அக்கா

அவர் முதன்முதலில் என் வீட்டுக்குள் வந்தபோது கதவைத் தட்டவில்லை.

ஜெலுத்தோங்கில் அந்த அடுக்குமாடிக்கு நாங்கள் குடிவந்த முதல் வாரம். கல்யாணமான புதுசு. வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டு நான் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். வெளியே செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால், ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி டார்ச் லைட்டும் கையுமாக என் சமையலறைக்குள் போய்க்கொண்டிருந்தார்.

"யாருங்க?"

"இதே மாடிதான். கடைசி வீடு." திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐஸ்பெட்டியை முன்னால் இழுத்து, பின்பக்கம் டார்ச் அடித்து, அடியில் தண்ணீர் சொட்டும் தட்டை உருவி சிங்க்கில் கவிழ்த்தார். அப்புறம் ஜன்னல் பக்கம் போனார். சிரம்பானிலிருந்து அம்மா ஆசையாகக் கொடுத்தனுப்பிய மணி பிளாண்ட் அங்கே ஒரு ஜாம் போத்தலில் இருந்தது. அந்தத் தண்ணீரும் போயிற்று. செடியை ஈரத்துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

"மண்ணுல வை. தண்ணியில வைக்காத."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யக் கூடாதாக்கா?"

"கேட்டா, அப்புறம் பாக்கலாம்னு சொல்வ. எல்லாரும் அதான் சொல்றாங்க. கொசு அப்புறம் வந்து முட்டை போடுறேன்னு சொல்லாதுலா."

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இப்போது சுங்கைப் பட்டாணியில் தங்கை மகள் வீட்டில் இருக்கிறார். இதை எழுதலாமா என்று அவரிடம் நான் கேட்கவும் இல்லை. கேட்காமல் செய்வதை அவர் குற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

எங்கள் பிளாட்டில் அவருக்குத் 'தண்ணி கொட்டுற அக்கா' என்று பெயர். மலாய்ப் பிள்ளைகள் அக்காவோடு வாளியையும் சேர்த்து 'காக் பால்டி' என்பார்கள். கீழே இருந்த டோபி கடையில் வேலை. அதற்கு முன்னால் பாலத்து டோலில், காருக்குக் காசு வாங்கும் கூண்டில், பல வருடம் உட்கார்ந்திருந்தவர். "நான் கைய நீட்டினா டத்தோ காரா இருந்தாலும் நின்னுதான் போவணும்" என்று அந்த வேலையைப் பற்றிச் சொல்லுவார். டோலில் இயந்திரம் வந்த பிறகு அந்தக் கைக்கு வேலை இல்லாமல் போனது. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. நடைபாதையில் யாராவது பூந்தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் அது கவிழும். ஏர்கோன் தண்ணீருக்கு வைத்த டின் கவிழும். சைக்கிள் மேல் போட்டிருக்கும் பிளாஸ்டிக்கின் குழியில் மழைத் தண்ணீர் நின்றால் அதைத் தூக்கி உதறாமல் தாண்டிப் போக மாட்டார்.

எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. எனக்கே ரொம்ப நாள் பிடிக்கவில்லை.

எதிர்வீட்டுச் சீனப் பெரியவர் வாசலில் சிவப்பு நிறச் சாமி மாடம் வைத்திருந்தார். அதன் முன்னால் பூ ஜாடி. ஒருநாள் அக்கா அதையும் கவிழ்த்துவிட்டார். பெரியவர் கத்திய கத்தலில் மேல் மாடிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சாமி காரியம், இனி அந்தப் பக்கம் போக மாட்டார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். மறுநாள் காலை வேலைக்குப் போகும்போது பார்க்கிறேன், அக்கா அந்த ஜாடியைக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். பூத்தண்டையும் நுனியில் நறுக்கி வைத்தார். அதற்கு அடுத்த நாளும் செய்தார். பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் காவல் காத்தார். கடைசியில் ஒருநாள் அவரே விடியற்காலையில் எழுந்து தண்ணீரை மாற்றிவிட்டு, இவர் வந்ததும் காலி வாளியை எடுத்துக் காட்டினார். அக்கா தலையாட்டிவிட்டுப் போனார். அதோடு இரண்டு பேரும் சிநேகிதம்.

தன் வீட்டிலும் விதிவிலக்கு கிடையாது. அவர் கத்தோலிக்கர். வாசல் பக்கச் சுவரில் தீர்த்தம் வைக்கும் சின்னக் கிண்ணம் ஒன்று இருந்தது. அதில் தண்ணீருக்குப் பதில் ஒரு துண்டு ஸ்பாஞ்சு. அதைத் தீர்த்தத்தில் நனைத்துப் பிழிந்து வைத்திருப்பார். "ஆண்டவருக்கு ஈரம் போதும்" என்பார், விரலால் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டே.

ஒரு தடவை அவர் செய்தது சுத்தத் தப்பு. பிளாட்டில் குழாய்த் தண்ணீரை நிறுத்தப்போகிறார்கள் என்று அறிவிப்பு வந்திருந்தது. கீழ்மாடியில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி நடைபாதையில் பேசின் நிறையப் பிடித்து வைத்திருந்தாள். அக்கா பார்த்தார், கவிழ்த்தார். குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. அந்தப் பெண் அழுதுவிட்டாள். "அதுதாங்க என் பிள்ளைக்கு இருந்த தண்ணி!" அன்றைக்கு லிஃப்டும் வேலை செய்யவில்லை. அக்கா எங்கிருந்தோ தண்ணீர் பிடித்து, கைக்கு ஒரு வாளியாகப் படியேறி, பேசினை நிரப்பி, மேலே ஒரு மூடியும் போட்டு வைத்தார். ஆனால் 'மன்னிச்சிக்க' என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. அது வராத வாய் என்றே நான் நினைத்திருந்தேன்.

எங்கள் பிளாட்டுக்குப் பக்கத்தில் ஒரு கொண்டோ குடியிருப்பு பாதிக் கட்டடமாக நின்றுபோயிருந்தது. சுற்றிலும் நீல நிறத் தகர வேலி. கார் நிறுத்துவதற்காகத் தோண்டிய பள்ளம் முழுக்க மழைத் தண்ணீர். மேல் மாடியிலிருந்து பார்த்தால் ஒரு குளம் போல இருக்கும். சாயங்காலத்தில் வானம் அதில் சிவப்பாகத் தெரியும். பிள்ளைகள் அதைப் பின்னால் வைத்து செல்ஃபி எடுப்பார்கள். அக்கா அந்தக் குளத்தை ஒரு எதிரியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

அந்த வருடம் பிளாட்டில் டிங்கிக் காய்ச்சல் ஒவ்வொரு வீடாக வந்தது. அக்கா டார்ச்சை எடுத்துக்கொண்டு வேலிக்குக் கிளம்பிவிட்டார். பிளாட் கமிட்டியின் தலைவர்தான் அவரைப் படியிலேயே பிடித்து நிறுத்தினார். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், உண்மையிலேயே நல்ல மனிதர்.

"அக்கா, இது யார் வீட்டு ஐஸ்பெட்டித் தட்டும் இல்ல. பெரிய கம்பெனி. உள்ள கால் வச்சா கேஸ் போடுவான். எல்லாரும் கையெழுத்து போட்டு முறையா கேப்போம். பிளாட்டே உங்க பின்னால நிக்கும்."

பிளாட்டே பின்னால் நிற்கும் என்ற வார்த்தையில் அவர் மயங்கிவிட்டார் என்று இப்போது தோன்றுகிறது. அதுவரை அவர் பின்னால் யாரும் நின்றதில்லை. முதல்முறையாகக் கதவைத் தட்டி, வெளியே நின்று, "கொஞ்சம் கையெழுத்து போடுறீங்களா?" என்று கேட்டார். போடாதவர்கள் யாரும் இல்லை. கடிதம் போனது. கேட்ட இடத்தில் இன்னோர் இடத்தைக் காட்டினார்கள். அந்த இடம் கம்பெனியைக் காட்டியது. கம்பெனி, பரிசீலிக்கிறோம் என்றது. ஒரு சனிக்கிழமை கமிட்டி கொசுப் புகை அடிக்க ஏற்பாடு செய்தது. பேனர் கட்டிப் படம் எடுத்தார்கள். புகை கலைந்த பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் அப்படியேதான் இருந்தது. அக்கா தினமும் தலைவரிடம் "பதில் வந்துச்சா?" என்று கேட்டுவிட்டு டோபி கடைக்குப் போவார். மழைக்காலம் வேறு ஆரம்பித்துவிட்டது.

என் கணவருக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் எங்கள் பிளாட்டின் ஒன்பதாவது மாடிப் பையன். பத்து காவான் ஊரில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீசியன். அப்பா இல்லை, அம்மாவும் அவனும்தான். சிரித்துக்கொண்டே படுத்திருந்தான். "அண்ணே, யாரு முதல்ல வீட்டுக்குப் போறதுன்னு பாப்போம்" என்று என் கணவரிடம் பந்தயம் கட்டினான். இரத்தத் தட்டணு குறைகிறது என்று ஒருநாள் அவனை வேறு வார்டுக்கு மாற்றினார்கள். என் கணவர் வீட்டுக்கு வந்தார். அவன் வரவில்லை.

துக்க வீட்டுக்கு அக்காவோடுதான் போனேன். உள்ளே போக முடியாத அளவுக்குக் கூட்டம். எங்களைக் கண்டதும் பையனின் அம்மா அழுகையை நிறுத்தினார். எழுந்து வந்து அக்காவின் முன்னால் நின்றார்.

"எல்லார் வீட்டுக்குள்ளயும் கேக்காம நுழைவீங்களே. அங்க மட்டும் ஏங்க்கா நுழையல?"

அக்காவின் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார். அந்த அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"கேட்டுட்டு நின்னுட்டேன் தங்கச்சி. வாழ்க்கையில ஒரே ஒரு தடவ கேட்டுட்டு நின்னேன். என்னை மன்னிச்சிரு."

அந்த அம்மா மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கையை உருவிக்கொள்ளவும் இல்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கணவர் ஜுருவில் ஒரு கார் பட்டறையில் வேலை பார்த்தார். "தம்பி, அங்க தண்ணி இறைக்கிற மெசின் வாடகைக்குக் கிடைக்குமா?" என்றார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். நாங்கள் புதுசாகக் குடும்பம் நடத்துகிறவர்கள், போலீசு கேஸு எதற்கு என்று பயம். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, "பட்டறை லோரியிலயே ஏத்திட்டு வரேன்க்கா" என்றார். காய்ச்சலில் இளைத்த உடம்பில் அந்தச் சட்டை தொளதொளவென்று தொங்கியது.

ஞாயிற்றுக்கிழமை. அக்கா பூசை முடிந்து மாதா கோயிலுக்குக் கட்டிய சேலையோடு நேராக வேலிக்கு வந்தார். நல்ல வெளிச்சம். ஊரே காய்கறி வாங்கப் பாசாருக்குப் போய்வரும் நேரம். பட்டறையிலிருந்து கொண்டுவந்த கட்டரால் என் கணவர் தகரத்தை அறுக்கப் போனார். அக்கா அதை வாங்கிக்கொண்டார். "இது என் கையால நடக்கட்டும். நாளைக்கு யாரு வெட்டினதுன்னு கேட்டா ஒரே பதில்தான் இருக்கணும்." தீப்பொறி சேலை மேல் பறந்தது. உள்ளே காவலுக்கு இருந்த நேப்பாளி ஜாகா ஓடிவந்தார். கூடாது, கூடாது என்று மலாயில் சொன்னார். அக்கா அவருடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். முழங்கை வரைக்கும் கொசுக்கடித் தழும்பு. ஜாகா தன் நாற்காலியை எடுத்து இயந்திரத்துக்கு வழிவிட்டார்.

கமிட்டித் தலைவர் கைலியோடு ஓடிவந்தார். "அக்கா! என்ன செய்றீங்க? முறையா போய்க்கிட்டிருந்தோமே!"

"முறையா ஒரு பையன எரிச்சிட்டு வந்தாச்சு சார்" என்றார் அக்கா. "நீங்க தள்ளி நில்லுங்க. சேலையில எண்ணெ தெறிக்கும், உங்க கைலியிலயும் தெறிக்கும்."

இயந்திரம் உறுமியது. குழாய் வழியாகத் தண்ணீர் சாலையோர லோங்காங் வடிகாலில் விழுந்து கடலைப் பார்த்து ஓடியது. எதிர்வீட்டுச் சீனப் பெரியவர் இன்னொரு குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். கைக்குழந்தைக்காரி மாடியிலிருந்து தேநீர் கொண்டுவந்தாள். பிளாட்டில் பாதிப் பேர் நடைபாதையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள், மீதிப் பேர் கீழே வந்தார்கள். பள்ளத்தின் சுவரில் ஈரக்கோடு கீழே இறங்கிக்கொண்டே வந்தது. மத்தியானத்தில் போலீஸ் கார் வந்தது.

"யார் வேலியை வெட்டியது?"

"நான்."

இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். வாக்குமூலம் வாங்கிவிட்டு ஜாமீனில் விட்டார்கள். மறுபடி ஸ்டேசனுக்குக் கூப்பிட்டபோது கம்பெனி ஓர் அதிகாரியை அனுப்பியிருந்தது. நம் ஆள், தமிழ் பேசுகிறவர். அதற்காகவே அவரை அனுப்பியிருப்பார்கள். ஒரு மன்னிப்புக் கடிதத்தை அடித்தே கொண்டுவந்திருந்தார்.

"ஒரு கையெழுத்துதான் அம்மா. போலீஸ்ல கொடுத்த ரிப்போர்ட்டை நாங்களே மீட்டுக்கிறோம். உங்களுக்கும் தொல்லை இல்ல."

"நான் மன்னிப்பு கேக்க வேண்டிய ஆளு ஒன்பதாவது மாடியில இருக்காங்க தம்பி. அவங்ககிட்ட கேட்டாச்சு. உங்க கம்பெனி இன்னும் கேக்கல."

அவர் பொறுமையாக மறுபடி ஆரம்பித்தார். அக்கா கையை நீட்டினார், டோலில் காரை நிறுத்துவது போல.

"சரி, கையெழுத்து போடுறேன். இன்னிக்குப் பொழுது சாயுற நேரம் நீங்க வந்து அந்தத் தண்ணி பக்கத்துல அரை மணி நேரம் நில்லுங்க. இதே அரைக்கை சட்டையோட. நின்னுட்டா அங்கயே போடுறேன்."

சின்ன வேலைதானே என்று நினைத்தாரோ என்னவோ, ஒத்துக்கொண்டார். சொன்னபடி வந்தார். பாதி இறைத்ததோடு நின்றுபோன தண்ணீர் பள்ளத்தின் அடியில் கிடந்தது. கரையில் அவரும் அக்காவும். கொஞ்சம் தள்ளி நாங்கள். கொசு கிளம்பியது. அவர் முதலில் கையைத் தேய்த்தார், அப்புறம் கழுத்தை அடித்தார், அப்புறம் ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிந்தார். அக்கா அசையவில்லை.

அப்போதுதான் பையனின் அம்மா வந்தார். மாடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அதை அந்த அதிகாரியின் பின்னால் வைத்து, "நின்னா கால் வலிக்கும். உக்காருங்க சார்" என்றார்.

அவர் உட்காரவில்லை. "இவங்க யாரு?" என்று மெல்லக் கேட்டார்.

"இந்தத் தண்ணியில போன பையனோட அம்மா" என்றார் அக்கா.

அவர் அந்த அம்மாவைப் பார்த்தார். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வேலியில் வெட்டிய அந்த வழியாகவே குனிந்து வெளியே போனார். அரை மணி நேரத்தில் பாதிகூட ஆகியிருக்காது. அந்த நாற்காலியில் அந்த அம்மாவே உட்கார்ந்தார். நாங்கள் கூப்பிட்டும் ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. அக்காவும் பக்கத்திலேயே நின்றார்.

அடுத்த வாரம் பெரிய இயந்திரங்கள் வந்தன. பள்ளத்தை வற்றவைத்தார்கள், லோரி லோரியாக மண்ணைக் கொட்டினார்கள். யார் சொல்லி வந்தது, எதற்காக வந்தது என்று யாருக்கும் ஒரு வரி கிடையாது. கொஞ்ச நாள் கழித்து அக்காவுக்கு ஸ்டேசனிலிருந்து போன். கம்பெனி புகாரை மீட்டுக்கொண்டது, கேஸ் இல்லை.

பிளாட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தலைவர் மிட்டாய் வாங்கிவந்தார். அக்கா மட்டும் மிட்டாயைத் தொடவில்லை. "என்கூட வா" என்றார் என்னிடம். பஸ் பிடித்து ஸ்டேசனுக்குப் போனோம். கட்டியிருந்தது அதே சேலை. ஓரத்தில் தீப்பொறி பட்ட ஓட்டைகள்.

இன்ஸ்பெக்டர் மலாய்க்காரர், மரியாதையானவர். "நல்ல செய்திதானே காக். வீட்டுக்குப் போங்கள்" என்றார்.

"எனக்குக் கேஸ் வேண்டும்" என்றார் அக்கா, அவருக்குத் தெரிந்த மலாயில். "வேலியை வெட்டியது நான். அடுத்தவர் இடத்தில் நுழைந்தது நான். என்னைக் கோர்ட்டில் நிறுத்துங்கள். ஏன் வெட்டினாய் என்று நீதிபதி கேட்பார். நான் சொல்வேன். எல்லார் முன்னாலும் சொல்வேன். அதற்காகத்தான் காத்திருந்தேன்."

"புகார் இல்லையென்றால் கோர்ட் இல்லை காக். சட்டம் அப்படித்தான்."

அக்கா திரும்பினார். கூடத்தில் நிறையப் பேர் காத்திருந்தார்கள். அடையாள அட்டை தொலைத்தவர்கள், மோட்டார் மோதிக் கைக்குக் கட்டுப் போட்டவர்கள், கைக்குழந்தையோடு ஒரு பெண். அவர்கள் முன்னால் போய் நின்றார்.

பையனின் பெயரைச் சொன்னார். முழுப் பெயர், அப்பா பெயரோடு. வயதைச் சொன்னார். எந்த பிளாட், எத்தனையாவது மாடி, எங்கே வேலை பார்த்தான், அம்மாவுக்கு அவன் ஒரே பிள்ளை என்பது. தகர வேலி, பள்ளம், தண்ணீர், கையெழுத்து போட்டு அனுப்பிய கடிதம், வராத பதில். மலாயில் முழுவதும் சொல்லி முடித்தார். பிறகு தமிழில் முதலிலிருந்து ஆரம்பித்தார். கவுன்டரில் தட்டச்சு நின்றது. உட்காருங்கள் என்று சொல்லத்தான் இன்ஸ்பெக்டர் எழுந்தார் என்று நினைத்தேன். அவரோ அக்கா முடிக்கும் வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வெளியே வந்தபோது வெயில் சுட்டது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ரொம்பச் சத்தமா பேசிட்டேனா?"

"ஆமாக்கா. ரோட்டு வரைக்கும் கேட்டிருக்கும்."

"நல்லது" என்றார்.